குரலுக்கு மாசு வந்தால்



ஒலிபரப்பு நிலையம் ஒன்றில் நிகழ்ச்சி நடத்தும் ஒருவர்மீது பழி எழுமாயின், அந்நிலையம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது இன்று எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். இப்பொருளைப் பற்றிப் பேசும்படி ஓர் ஒலிபரப்பு நிலையமே அழைத்திருப்பது நல்ல அறிகுறி என்று கொள்கிறேன். தம் வீட்டுத் திண்ணையில் ஒருவரை அமர்த்தி, வீட்டார் தவறு செய்தால் என்ன செய்வது என்று பேசச் சொல்லும் துணிவு எல்லாருக்கும் வருவதன்று.

செய்தித்தாளில் எழுதுவோர் பலர் பெயர் தெரியாதவர்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நிலைமை வேறு. நாள்தோறும் ஒரே வேளையில் ஒரே குரல் நம் கூடத்திற்குள் வருகிறது. நாளடைவில் அக்குரலுக்கு உரியவரை உறவினராகவே கருதத் தொடங்குகிறோம். நிலையத்தின் மேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கை பெரும்பாலும் இத்தகைய சிலருடைய குரலிலும் முகத்திலும் தங்கியிருக்கிறது. ஆகவே அவர்களில் ஒருவர் மீது குற்றச்சாட்டு வரும்போது, அதனை மூடிவைக்கும் ஆசை நிலையத்தின் தலைவர்களுக்கு எழுவது இயற்கை. அந்த ஆசைக்கு இடங்கொடுத்தபின் நிகழ்ந்தவற்றுக்கு வரலாற்றில் சான்றுகள் பல உள.

அமெரிக்காவில் 1956-ம் ஆண்டின் இறுதியில், ‘ட்வென்டி ஒன்’ என்னும் வினாவிடைப் போட்டியில் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆசிரியர் சார்லஸ் வான் டோரன் தோன்றினார். வாரந்தோறும் வென்று 1,29,000 டாலர் பரிசு பெற்றார். நாடே அவரைப் போற்றியது. என்.பி.ஸி. நிறுவனம் அவரைத் தன் காலை நிகழ்ச்சியில் அமர்த்திக்கொண்டது. விடைகளை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து நடத்திய போட்டி அது என்பதை, அவரிடம் தோற்ற ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் வெளியிட்டார். தானும் அவ்வாறே விடை பெற்றவர், தோற்கும்படி கட்டளை பெற்றவர் என்றும் சொன்னார். தோற்றவனின் பொறாமை என்று பலர் தள்ளிவிட்டனர். 1959-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி வான் டோரனே அமெரிக்கச் சட்டமன்றக் குழுவின் முன் உண்மையை ஒப்புக்கொண்டார். உடனே அவர் வேலை நீங்கிற்று. மறு ஆண்டில் இத்தகைய மோசடிகளைத் தடுக்கச் சட்டமும் வந்தது. முதலில் உண்மை சொன்னவர் அழகும் செல்வாக்கும் இல்லாதவர் என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது பயன்படும்.

இனிப் பிரிட்டனுக்கு வருவோம். பி.பி.ஸி. என்னும் ஒலிபரப்புக் கழகத்தின் வரலாறு இப்பொருளுக்கு ஒரு பாடநூல் போன்றது. அக்கழகம் செய்த பிழைகள் பெரியவை. அவற்றைத் தானே ஒலிபரப்பிய துணிவும் பெரியது.

ஜிம்மி சாவில் என்பவர் 1964 முதல் இளைஞர் இசை நிகழ்ச்சிகளையும், 1975 முதல் 1994 வரை சிறுவர் சிறுமியரின் ஆசைகளை நிறைவேற்றும் நிகழ்ச்சி ஒன்றையும் நடத்திப் பெரும்புகழ் பெற்றவர். அறப்பணிக்குப் பொருள் திரட்டியதால் அரசாங்கத்தின் பட்டமும் பெற்றவர். 2011-ம் ஆண்டு அக்டோபரில் அவர் இறந்தார். அவர் சிறார்க்குக் கொடுமை இழைத்தவர் என்பதை ‘நியூஸ்நைட்’ என்னும் செய்தி நிகழ்ச்சியின் நிருபர்கள் உடனே ஆராயத் தொடங்கினர். டிசம்பரில் அந்த ஆய்வு கைவிடப்பட்டது. அதே கிறிஸ்துமஸ் காலத்தில் கழகத்தின் வேறொரு பிரிவு அவருக்குப் புகழாரம் சூட்டும் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியது! பிரிவின் தலைவராயிருந்த ஜார்ஜ் என்ட்விசில் என்பவரிடம், விருந்து ஒன்றில், செய்திப் பிரிவின் தலைவி இந்த ஆய்வைப் பற்றிச் சில நொடிகள் சொன்னார். என்ன ஆய்வு என்று அவர் கேட்கவில்லை. பிற பிரிவின் செய்தியில் தலையிடலாகாது என்று எண்ணியதாகப் பின்னர்ச் சொன்னார். கேட்காமலிருப்பதும் ஒரு நெறி என்று அவர் கருதினார் போலும்.

2012-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி போட்டி நிறுவனமான ஐ.டி.வி. அந்த உண்மையை வெளியிட்டது. ஆய்வு கைவிடப்பட்டது மேலிடத்து வற்புறுத்தலால் அன்று என்றும், ஆனால் அம்முடிவு பெரிதும் பிழைபட்டது என்றும் நிக் பொலார்ட் என்பவர் நடத்திய விசாரணை கூறிற்று. நீதிபதி ஜேனட் ஸ்மித் அம்மையார் 2016-ல் வெளியிட்ட அறிக்கை, கழகத்துப் பணியின் தொடர்பில் மட்டும் 72 பேர் சாவிலால் துன்புற்றனர் என்று கண்டது. கீழ்நிலை ஊழியர் பலர் ஏதோ கேள்விப்பட்டிருந்தனர். புகழ்பெற்றவரைப் பற்றி மேலே சொன்னால் தம் வேலைக்கே ஆபத்து என்று அஞ்சினர். சொல் மேலே ஏறவில்லை.

எனினும் அந்த 2012-ம் ஆண்டில் நடந்த மற்றொன்றையும் சொல்லவேண்டும். அக்டோபர் 22-ந் தேதி ‘பனோரமா’ என்னும் கழகத்தின் சொந்த நிகழ்ச்சியே, ‘நியூஸ்நைட்’ ஆய்வு எவ்வாறு கைவிடப்பட்டது என்பதை மக்கள் முன் வைத்தது. அதற்குள் என்ட்விசில் கழகத்தின் தலைமை இயக்குநர் ஆகியிருந்தார். நவம்பரில் ‘நியூஸ்நைட்’ மற்றொரு பிழை செய்தது. முன்பு சொல்லத் தவறியதை ஈடுசெய்ய விரைந்தது போல, போதிய சான்றின்றி ஒளிபரப்பிய செய்தியால், குற்றமற்ற மக்கால்பைன் பிரபுமீது பழி விழுந்தது. பெயரைச் சொல்லாவிட்டாலும் ஊரார் பெயரை ஊகித்துக்கொண்டனர். கழகம் அவருக்கு 1,85,000 பவுன் இழப்பீடு கொடுத்தது. நவம்பர் 10-ந் தேதி காலை, வானொலியில் ஜான் ஹம்ப்ரிஸ் என்னும் அறிவிப்பாளர் தம் தலைமை இயக்குநரையே எதிரில் அமர்த்திக் கேள்வி கேட்டார். அந்த நிகழ்ச்சியைப் பார்த்தீரா? இல்லை. அது தவறென்று முதல்நாள் செய்தித்தாளில் வந்ததைப் படித்தீரா? இல்லை. ஒருவரும் உமக்குச் சொல்லவில்லையா? நீரும் கேட்கவில்லையா? நாடு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று மாலையே தலைமை இயக்குநர் பதவி விலகினார். அவர் அப்பதவியில் இருந்தது 54 நாட்கள்.

சம்பளம் வாங்குபவர் சம்பளம் கொடுப்பவரை இவ்வாறு கேட்பது மரியாதையா என்று உங்களில் சிலர் எண்ணலாம். என் கருத்தில், அந்தச் சில நிமிடங்களே அவ்வாண்டில் அக்கழகத்தின் மானத்தைக் காத்தவை. நிலையத்தின் செய்திப் பிரிவு, நிலையத்தைப் பற்றிய செய்தியை வேற்றார் செய்தியைப் போலவே நடத்தவேண்டும். நிலையத்தின் நிருவாகம் அதற்குச் சொல்லும் மறுமொழி, பிற நிறுவனத்தின் மறுமொழிக்கு உரிய இடத்தை மட்டுமே பெறவேண்டும்.

ஆனால் பழி எழுந்தவுடனே பெயரைப் பறைசாற்றி, ஆளை வெளியேற்றிவிடுவதுதான் வழியா? அதுவும் அன்று. மக்கால்பைன் பிரபுவின் நிலையை இப்பொழுதுதான் கண்டோம். 2023-ம் ஆண்டு ஜூலையில் பெயர் குறிப்பிடாத நிகழ்ச்சியாளர் ஒருவர்மீது லண்டன் நாளிதழ் ஒன்று குற்றம் சாட்டிற்று. சில நாட்கள் கழகம் பெயரை வெளியிடவில்லை. அதற்குள் அக்கழகத்தில் பணிபுரிந்த வேறு பலர்மீது ஊரார் சந்தேகம் பாய்ந்தது. “நான் அவனல்லன்” என்று அவர்கள் தாமே வெளிவந்து சொல்லவேண்டியதாயிற்று. ஜூலை 12-ந் தேதி ஹ்யூ எட்வர்ட்ஸின் மனைவியே கணவர் பெயரைத் தெரிவித்தார். எலிசபெத் அரசியார் மறைந்த செய்தியை 2022-ல் நாட்டுக்கு அறிவித்தவர் அவர். அந்த நாளிதழ் சொன்னதில் குற்றம் நிகழ்ந்ததற்குச் சான்று இல்லை என்று போலீஸார் கூறினர். பிறகு வேறொரு வழக்கில், சிறாரின் தகாத படங்களைப் பெற்ற குற்றத்தை அவர் 2024 ஜூலையில் ஒப்புக்கொண்டார்.

இங்கே பெயரை மறைத்ததில் எனக்குப் பெரிய குறை தோன்றவில்லை. ஆராயுமுன் ஒருவன் பெயரைத் தெருவில் எறிதல் அறமாகாது. எனக்குக் குறையாகத் தோன்றுவது வேறு. ஒரு குடும்பத்தார் மே மாதத்திலேயே கழகத்திடம் முறையிட்டனர். கழகம் ஒரு மின்னஞ்சல் அனுப்பிற்று. தொலைபேசியில் ஒரு முறை அழைத்துப் பார்த்தது. பிறகு நாளிதழ் கேட்கும் வரை ஏறத்தாழ ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. வான்வழியே கோடிக்கணக்கானோர்க்குப் பேசத் தெரிந்த நிறுவனத்துக்கு, வாயிலில் வந்து நின்ற ஒருவர் பேச்சைக் கேட்கத் தெரியவில்லை.

மகனையே தேர்க்காலில் இட்ட சோழ மன்னனின் கதையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். அக்கதையில் எல்லாரும் தேரைப் பற்றியே பேசுவர். எனக்கோ அரண்மனை வாயிலில் தொங்கிய அந்த மணிதான் பெரிதாகத் தோன்றுகிறது. கன்றை இழந்த பசு வந்து இழுக்கக்கூடிய உயரத்தில் அந்த மணி கட்டப்பட்டிருந்தது. இழுத்தபோது அரசன் காதில் அது விழுந்தது. ஒலிபரப்பு நிலையங்களில் மணி எங்கே தொங்குகிறது என்பதே என் கேள்வி.

மார்ட்டின் பஷீர் என்பவரின் வரலாறு இதற்கு ஏற்ற சான்று. 1995-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி ‘பனோரமா’ நிகழ்ச்சியில் அவர் டயானா இளவரசியைப் பேட்டி கண்டார். ஏறத்தாழ 2 கோடியே 28 இலட்சம் பேர் அதனைப் பார்த்தனர். பரிசுகள் குவிந்தன. அப்பேட்டிக்கு முன், பஷீர் ஓர் ஓவியக் கலைஞரிடம் வங்கிக் கணக்குத் தாள்களைப் போலப் போலித் தாள்களை வரைந்து வாங்கினார். இளவரசியின் தம்பியார் ஸ்பென்சர் பிரபுவிடம் அவற்றைக் காட்டினார். பணம் பெற்று வேவு பார்ப்போர் சூழ்ந்திருக்கின்றனர் என்ற அச்சத்தை அவருக்கு ஊட்டி, அவர் வழியே இளவரசியின் அறிமுகத்தைப் பெற்றார்.

தாள்களை வரைந்த மாட் வீஸ்லர் என்னும் கலைஞர், பேட்டியைப் பார்த்தபின் ஐயங்கொண்டு, அவ்வாண்டு டிசம்பரிலேயே மேலிடத்தாரிடம் சொன்னார். மணியை இழுத்துவிட்டார் என்று கொள்ளுங்கள். பஷீரிடம் கேட்டனர், தாள்களை எவரிடமும் காட்டவில்லை என்றார். அது பொய் என்று பின்னர்த் தெரிந்தது. செய்திப் பிரிவின் தலைவர் டோனி ஹால் 1996-ல் விசாரணை நடத்தினார். ஒரு முறை பொய் சொன்னவர் என்று தெரிந்தும், பஷீரின் விளக்கத்தை ஏற்று, அவர் நேர்மையானவர் என்று முடிவு செய்தார். தாள்களைக் கண்ட ஸ்பென்சர் பிரபுவிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. ஒரு தரப்பை மட்டும் கேட்டு நடந்த விசாரணைகளின் முடிவு சிலப்பதிகாரம் படித்த நமக்குப் புதியதன்று. இங்கே தண்டனை பெற்றவரோ வீஸ்லர். அவருக்கு இனிக் கழகத்தில் வேலை தரலாகாது என்று தீர்மானித்தனர்! போலித் தாளைக் கேட்டு வாங்கியவர் உள்ளே இருந்தார். அதனைச் சுட்டிக்காட்டியவர் வெளியே நின்றார். 1996-ல் நாளிதழ் ஒன்று இதனை எழுதியபோதும் கழகத்தின் செய்தி நிகழ்ச்சி எதுவும் இதைப் பற்றி வாய்திறக்கவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. டோனி ஹால் தலைமை இயக்குநராக இருந்த 2016-ல், வெளியே போயிருந்த பஷீர் கழகத்திற்குத் திரும்பி வந்தார். 2020-ல் ஸ்பென்சர் பிரபு தம்மிடமிருந்த குறிப்புகளை வெளியிட்டபின், முன்னாள் உயர்நீதிபதி டைசன் பிரபுவிடம் விசாரணை ஒப்படைக்கப்பட்டது. 2021 மே 20-ந் தேதி அவர் அறிக்கை வெளிவந்தது. பஷீர் வஞ்சித்தார் என்றும், 1996-ம் ஆண்டு விசாரணை பயனற்றது என்றும், கழகம் தான் அறிந்ததை மறைத்தது என்றும் அது கூறிற்று. அவ்வறிக்கையில் என்னை நிறுத்தி நினைக்கச் செய்த இடம் ஒன்று உண்டு. இளவரசி பேட்டி கொடுக்க முன்னமே விரும்பியிருந்தார். நேர்மையான நிருபர் கேட்டிருந்தாலும் பெரும்பாலும் இசைந்திருப்பார் என்கிறார் டைசன் பிரபு. அந்தப் போலித் தாள்களுக்குத் தேவையே இல்லை!

அன்று மாலையே ‘பனோரமா’ தன் பழைய குற்றத்தைத் தானே விவரித்து ஒரு நிகழ்ச்சி வெளியிட்டது. கழகம் பேட்டிக்காகப் பெற்ற பரிசுகளைத் திருப்பிக் கொடுத்தது. தலைமை இயக்குநர் டிம் டேவி, வீஸ்லரிடம் மன்னிப்புக் கேட்டார், இழப்பீடும் கொடுக்கப்பட்டது. வேலையின்றிக் கழிந்த ஆண்டுகளை எந்தத் தொகையும் மீட்டுத் தராது என்பது வேறு செய்தி.

2022 ஜூலையில் கழகம் மற்றோர் அறிவிப்பும் செய்தது: அந்தப் பேட்டியை இனி ஒருபோதும் முழுமையாக ஒளிபரப்புவதில்லை, பிற நிறுவனங்களுக்கும் தருவதில்லை. இறந்துபோன அம்மையாருக்கும் அவர் புதல்வர்களுக்கும் காட்டும் மரியாதை என்று பலர் பாராட்டினர். அதில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஏமாற்றிப் பெற்ற பேட்டியாயினும் பேசியது அவரே. தாம் சொன்னதற்கு வருந்தவில்லை என்று அக்காலத்தில் எழுதிக் கொடுத்தவரும் அவரே. இதழியல் பயிலும் மாணவர்கள் டைசன் அறிக்கையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பேட்டியை முழுமையாகப் பார்க்க வழி இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். உங்களில் எவரேனும் இதை மறுத்து எழுதினால், நிலையத்தார் அக்கடிதத்தை எனக்கு அனுப்பிவைப்பார்கள்.