கூடிய படிப்பும் குறைந்த உத்தியோகமும்



2015ஆம் ஆண்டில் இந்தியாவின் உத்தரப் பிரதேச அரசு, தன் தலைமைச் செயலகத்துக்கு 368 பியூன்கள் தேவையென விளம்பரஞ் செய்தது. கேட்ட தகுதி ஐந்தாம் வகுப்புப் படிப்பும் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருத்தலுமே. வந்து குவிந்த விண்ணப்பங்களோ 23 இலட்சம்! அவற்றுள் 250க்கு மேற்பட்டவை கலாநிதிப் பட்டம் பெற்றோருடையவை. 2017இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக் கணக்கிற் குந்தியிருந்ததைக் கண்ட நாம் இதனைக் கேட்டுச் சிரிக்கமாட்டோம்.

இத்தகையோரைப் படிப்புக் கூடிவிட்டதென்று தள்ளிவிடலாமா? சட்டத்தொழில் புரிபவன் என்ற முறையில் ஒரு வழக்கைச் சொல்கிறேன். பஞ்சாப் நேஷனல் வங்கி பியூன் வேலைக்கு ஆட்சேர்த்தபொழுது, பன்னிரண்டாம் வகுப்பிற் சித்தியடைந்திருத்தல் வேண்டும், பட்டதாரியாயிருத்தல் ஆகாது என விதித்தது. ஓர் இளைஞர் 2014இல் தாம் பெற்ற பட்டத்தை மறைத்து விண்ணப்பித்துத் தெரிவானார். உண்மை வெளிப்பட்டதும் வங்கி அவரை ஏற்க மறுத்தது. ஒடிசா உயர் நீதிமன்றம் இளைஞர் பக்கம் நின்றது. 2020 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் வங்கியின் பக்கம் தீர்த்தது.

மறைத்தது பிழையே. அதற்காக நான் வாதாட வரவில்லை. இல்லாத பட்டத்தை உண்டென்று சொல்வோரைக் கண்டிருக்கிறோம். உள்ள பட்டத்தை ஒளிக்கும் நிலைக்கு ஒருவரைத் தள்ளியது எது? இதே நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில், நாக்பூர் மாவட்ட நீதிமன்றப் பியூன் வேலை பற்றிய வழக்கிலே, கேட்டதினும் கூடப் படித்தவர் என்பதற்காக ஒருவரைப் பரிசீலிக்கவே மறுத்தல் அறிவுக்கொத்த அளவுகோலாகாது என்றிருந்தது. என் மனம் அத்தீர்ப்பையே நாடுகிறது.

ஆயினும், இங்கு அமர்ந்திருக்கும் கமக்காரப் பெரியவர் ஒருவர், “எட்டாம் வகுப்போடு நின்ற என் மகனுக்கு உள்ளது அந்த ஒரு வாசல், அதிலும் கலாநிதி வந்து நின்றால் அவன் எங்கே போவான்?” என்று கேட்டால் எனக்கு இலகுவில் விடை வராது. வங்கியின் விதிக்கு நியாயம் ஏதும் உண்டெனில் அது இக்கேள்வியே.

ஆனால், முதலாளிமார் வழமையாகச் சொல்லும் காரணம் வேறு. “இவர் நிலைக்கமாட்டார், நல்ல இடங் கிடைத்ததும் போய்விடுவார்” என்கிறார்கள். அது வெறும் ஊகம். எத்தனை ஆண்டு இருப்பீர் என்று நேர்முகப் பரீட்சையிலேயே கேட்கட்டும்; வேண்டுமானால் எழுத்தில் உறுதி வாங்கட்டும்.

தம்பிமாரே, தங்கைமாரே, பட்டத்தை மறைக்காதீர்கள். உங்கள் ஆராய்ச்சியிற் பழகிய எந்த வேலை அந்த உத்தியோகத்துக்கு உதவும் என்பதையும், ஏன் அதனை நாடி வந்தீர்கள் என்பதையும், அவர்கள் கேட்குமுன் விண்ணப்பத்தின் முதற் பந்தியிலேயே எழுதுங்கள்.