நாயகன் யார்?



இலக்கிய மேடையில் திரைப்படம் பற்றிப் பேசலாமா என்று நண்பர் சிலர் வினவினர். பாட்டுடைத் தலைவனாக யாரைக் கொள்வது என்பது கவிஞர்க்குரிய வினா. அந்த வினாவை நம் ஊரின் பெயரோடு சேர்த்து எழுப்பியது ஒரு திரைப்படம் என்பதால், அதனை இங்கே எடுத்துக்கொண்டேன். மணிரத்னம் இயக்கத்தில் 1987 தீபாவளிக்கு வெளிவந்த 'நாயகன்' அது. நடிப்பு, ஒளிப்பதிவு, கலை இயக்கம் ஆகிய மூன்றுக்கும் தேசிய விருது பெற்ற படம். 2005இல் 'டைம்' இதழ் தொகுத்த உலகின் சிறந்த நூறு படங்களின் வரிசையிலும் அது இடம்பெற்றது.

மனிதரும் கதையும்

இப்படத்துக்குத் தூண்டுதலாக அமைந்தவர் வரதராஜ முதலியார். தூத்துக்குடியில் 1926இல் பிறந்தவர். பம்பாய் விக்டோரியா முனையத்தில் சுமை தூக்கினார். பின்னர்க் கள்ளச்சாராயத்திலும் கடத்தலிலும் இறங்கினார். தாராவி, மாதுங்கா பகுதிகளில் தமிழர்க்கு ஒரு தலைவராகவே விளங்கினார். மாதுங்காவில் அவர் எடுத்த பிள்ளையார் விழா பெயர்பெற்றது. 1980களில் காவல்துறை அதிகாரி ஒய். சி. பவார் மேற்கொண்ட நடவடிக்கைகளால் அவர் பிடி தளர்ந்தது. சென்னைக்குத் திரும்பியவர், படம் வெளிவந்த சில வாரங்களில், 1988 சனவரியில் மாரடைப்பால் மறைந்தார்.

உண்மை வாழ்வைப் படம் இரண்டு இடங்களில் மாற்றுகிறது. முதல் மாற்றம் தொடக்கத்தில் உள்ளது. படத்தின் சிறுவன் வேலு, தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் மகன். தந்தையைச் சுட்ட காவலரைக் குத்திவிட்டுப் பம்பாய்க்கு ஓடுகிறான். இரண்டாம் மாற்றம் முடிவில் உள்ளது. நீதிமன்றம் விடுவித்த வேலு நாயக்கரை, அவர் கொன்ற காவல் அதிகாரியின் மகனே சுட்டு வீழ்த்துகிறான். அவன் அவராலேயே ஆதரிக்கப்பட்டவன். முதல் மாற்றம் குற்றத்துக்கு ஒரு நியாயம் தேடுகிறது. இரண்டாவது அந்நியாயத்துக்கு விலை கேட்கிறது. இரண்டும் கவிஞன் செய்யும் வேலைகளே. ஆயினும் அரங்கைவிட்டு வெளிவந்தோர் நெஞ்சில் முதலாவது தங்கிய அளவுக்கு இரண்டாவது தங்கவில்லை.

செக் நாட்டில் 2015இல் இரு பகுதிகளாக வந்த 'கேங்ஸ்டர் கா' படத்தை இதனோடு ஒப்பிடலாம். ராதோவான் கிரெய்சீர்ழ் என்னும் உண்மைக் குற்றவாளியை அடியொற்றியது அது. 2005இல் தம் வீட்டைச் சோதித்துக்கொண்டிருந்த காவலர் கண்ணெதிரே தப்பியோடிய அவர், 2016இல் தென்னாப்பிரிக்காவில் 35 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அப்படத்துக்கு அடிப்படை ஒரு பத்திரிகையாளர் துப்பறிந்து எழுதிய நூல்கள். நம் படத்துக்கு அடிப்படை மக்கள் வாய்மொழியில் வளர்ந்த ஒரு பெரியவர் உருவம். அங்கே புலனாய்வு கதையாயிற்று. இங்கே புகழ் கதையாயிற்று.

வெட்சியும் கரந்தையும்

புகழ்வது நம் மரபுக்குப் புதிதன்று. ஆநிரை கவர்தலை வெட்சி எனத் திணையாக்கியது தொல்காப்பியம். நிரை கவர்ந்தும் மீட்டும் வீழ்ந்தோர்க்கு நடுகல் எடுத்தனர் நம் முன்னோர். நெல்லைச் சீமையில் 1920களில் ஜம்புலிங்கம் என்னும் கொள்ளைக்காரர்க்கு மக்கள் கதைப்பாடல் கட்டினர். டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவரைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

ஆனால் நம் இலக்கணம் கவர்ந்தவனோடு நின்றுவிடவில்லை. கவரப்பட்ட நிரையை மீட்கும் கரந்தையைத் தொல்காப்பியம் வெட்சியுள் அடக்கிக் கூறிற்று. புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனித் திணையாகவே பிரித்தது. இழந்தவன் பக்கமும் பாடப்பட வேண்டும் என்பது இதன் பொருள்.

'நாயகன்' படத்தில் கரந்தைக் குரல் உண்டு. அது மகள் சாருமதியின் குரல். தந்தையின் ஈகையை உண்டு வளர்ந்தவள், அவர் கைகளில் படிந்த குருதியைக் கண்டு கேள்வி கேட்கிறாள், வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். இறுதியில் பேரன், தாத்தா நல்லவரா கெட்டவரா என்று வினவ, தெரியவில்லை என்பதே அவர் விடை. அவ்விடையைப் பலரும் ஆழ்ந்த தத்துவமாகப் போற்றுகின்றனர். எனக்கு அது போதவில்லை. மகளுக்கு விடை தெரியும். அவள் சொன்னபோது நாம் கேட்கவில்லை.

கயிறு பிடித்தவர்

அங்ஙனமாயின் மக்கள் ஏன் அவரை நாடினர்? மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பர். நம் கடலிலோ, முத்துக்குளிப்பவன் மூழ்கும்போது மேலே கயிற்றைப் பிடிப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்பது வழக்கு. நம்பத்தக்க ஒரு கை மேலே இல்லையெனில் கீழே உயிர் இல்லை. மொழியறியாத மாநகரில், குடிசைக்கு உரிமை இன்றி, காவல் நிலைய வாசலில் அஞ்சி நின்ற தமிழனுக்கு அரசு கயிறு பிடிக்கவில்லை. பிடித்தவரைத் தெய்வமென்றான்.

சட்டமே அவரை வளர்த்தது என்பதும் உண்மை. 1949இன் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் கள்ளச்சாராயத்துக்கும், 1968இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடல்வழிக் கடத்தலுக்கும் சந்தை திறந்தன. பின்னது 1990இல் நீக்கப்பட்டது. ஆயினும் அந்தச் சாராயத்தைக் குடித்து ஈரல் வெந்தவன் யார்? அவன் மனைவி எங்கே அழுதாள்? கயிறு பிடித்த கையே கழுத்தையும் இறுக்கிற்று. இவ்விரண்டையும் ஒருங்கே பாடவல்ல கவிஞனே நேர்மையுடையவன்.

நம் கடற்கரைக்கு

திரையில் தூத்துக்குடி சில நிமிடங்களே வருகிறது. ஓடிப்போவதற்கான ஊராக மட்டுமே வருகிறது. 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியதும், 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ததும் இவ்வூரில்தான். தொழிற்சங்கத் தலைவரின் மகன் என்னும் கற்பனைக்கு இங்கே இத்துணை உறுதியான மண் இருந்தும், அம்மண்ணில் தங்கியவர் கதையை இப்படம் சொல்லவில்லை.

1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றது. 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாயிற்று. மூழ்கிப் பிழைத்தவர் என்ன ஆனார்? தோணியில் பாய் விரித்தவர் எங்கே போனார்? உப்பளத்தில் கண் கூசக் கால் வெந்து நிற்கும் பெண்ணுக்கு நடுகல் உண்டா? எந்தத் துப்பாக்கியும் ஏந்தாமல், எவரையும் அச்சுறுத்தாமல், வெள்ளை வெயிலில் நாற்பதாண்டு உழைத்து மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவளைப் பாட்டுடைத் தலைவியாகக் கொள்ளத் தயங்குவதேன்? அவள் வாழ்வில் விறுவிறுப்பு இல்லை என்பீர்களாயின், குறை நம் பார்வையில் உள்ளது.

'நாயகன்' நல்ல படம், அதனைப் பாராட்டுகிறேன். அதன் தலைப்பை மட்டும் ஒரு வினாவாக மாற்றி உங்கள் முன் வைக்கிறேன். வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக் கவியரங்குகள் அதற்கு விடை கூறட்டும். வெட்சியைப் பாடுங்கள், கரந்தையை மறவாதீர்கள்.