புரத ஓட்டுக்குள் ஒரு தொழிற்கூடம்

(இளம் அதிகாரிகளுக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



வேளாண் உற்பத்தியைப் பற்றிப் பேசும்போது நிலம், நீர், உரம், கடன் ஆகியவற்றின் கணக்கையே நாம் பார்க்கிறோம். இவை யாவும் இறுதியில் சென்று சேரும் இடம் பயிரின் இலை. அந்த இலைக்குள் நடைபெறும் உற்பத்தியில் ஒரு பெரும் விரயம் உண்டு. அதனை ஒரு நுண்ணுயிர் எவ்வாறு தவிர்க்கிறது என்பதே இன்றைய உரையின் பொருள். பொருளாதாரம் பயின்றவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். விரயத்தைக் குறைப்பதன்றோ பொருளாதாரத்தின் முதல் அக்கறை!

இலையில் நிகழும் இழப்பு

காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பற்றி உணவாக மாற்றும் பணியைத் தொடங்கி வைக்கும் நொதிக்கு ரூபிஸ்கோ என்று பெயர். அதற்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, வேகம் போதாது. ஒரு விநாடியில் சில மூலக்கூறுகளையே அது கையாளும். இரண்டாவது, கரியமில வாயுவுக்குப் பதிலாகப் பிராணவாயுவையும் பற்றிவிடும். நெல், கோதுமை போன்ற பயிர்களில் மிதமான வெப்பநிலையிலேயே ஏறத்தாழ நான்கைந்து முறைக்கு ஒரு முறை இத்தவறு நேர்கிறது. வெப்பம் ஏற ஏறத் தவறும் பெருகுகிறது. இதைச் சரிசெய்வதற்குப் பயிர் தான் ஈட்டிய கரியிலும் ஆற்றலிலும் ஒரு பகுதியை இழக்கிறது.

திறமைக் குறைவைப் பயிர் எண்ணிக்கையால் ஈடுகட்டுகிறது. நெல் இலையிலுள்ள தழைச்சத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த ஒரே நொதியில் அடங்கியிருக்கிறது. யூரியாவுக்கு அரசு வழங்கும் மானியத்தின் பளுவை அறிந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

கரும்பும் சோளமும் இலையின் அமைப்பை மாற்றிக்கொண்டு இவ்விழப்பைப் பெரிதும் குறைத்தன. நெல் வயலின் நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசிகளோ வேறு வழி கண்டன. இவை உண்மையில் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தவை.

ஓட்டின் அமைப்பு

இவற்றின் உயிரணுவுக்குள் பல பட்டைகள் கொண்ட நுண்ணிய உருவங்கள் இருப்பது 1956-ஆம் ஆண்டில் எலெக்ட்ரான் நுண்பெருக்கியில் தெரிய வந்தது. 1973-ஆம் ஆண்டில் ஷைவ்லியும் அவருடைய குழுவினரும், கந்தகத்தை உண்டு வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து இவ்வுருவங்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ரூபிஸ்கோ நிறைந்திருப்பதைக் கண்டனர். கார்பாக்ஸிசோம் என்ற பெயர் ஏற்பட்டது. குறுக்களவு பெரும்பாலும் நூறு நானோமீட்டர் முதல் சில நூறு நானோமீட்டர் வரை. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இதன் சுவர் கொழுப்புச் சவ்வன்று. முற்றிலும் புரதத்தால் ஆனது. அச்சுவரின் புரதங்கள் ஆறு ஆறாகக் கூடி அறுகோண ஓடுகளாக அமைவதை 2005-ஆம் ஆண்டில் கெர்ஃபெல்டும் யேட்ஸும் அவர்களுடைய குழுவினரும் வெளியிட்டனர். அறுகோண ஓடுகளை இடைவெளியின்றிப் பரப்பினால் தளம் கிடைக்கும், கூடு கிடைக்காது. தளம் மடிந்து மூடுவதற்கு ஐங்கோணத் துண்டுகள் வேண்டும். கால்பந்தில் தைக்கப்படும் பன்னிரண்டு ஐங்கோணங்களை நினைவு கொள்ளுங்கள். இருபது முகங்கள் கொண்ட இக்கூட்டின் பன்னிரண்டு முனைகளிலும் ஐந்து புரதங்கள் கூடிய துண்டுகள் பொருந்துகின்றன.

அறுகோண ஓடுகளின் நடுவே சிறு துளை உண்டு. உயிரணு வெளியிலிருந்து இறைத்துச் சேர்த்த பைகார்பனேட் அத்துளைகளின் வழியே உட்புகுகிறது. உள்ளே கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி அதனைக் கரியமில வாயுவாக மாற்றுகிறது. அவ்வாயு எளிதில் வெளியே கசியாதபடி ஓடு தடுக்கிறது. எனவே ரூபிஸ்கோவைச் சுற்றிக் கரியமில வாயு செறிந்து நிற்க, பிராணவாயுவைப் பற்றும் வாய்ப்புக் குன்றுகிறது.

கட்டுமான முறை

நாம் கட்டடத்தை முதலில் எழுப்பி, இயந்திரங்களைப் பின்னர் நிறுவுகிறோம். நீலப்பச்சைப் பாசி இதனைத் தலைகீழாகச் செய்கிறது என்பது 2013-ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. முதலில் ஒரு புரதம் ரூபிஸ்கோ மூலக்கூறுகளை ஒன்றாகத் திரட்டுகிறது. பின்னர் மற்றொரு புரதம் அத்திரளின்மேல் ஒட்டி, தன் நுனியினால் ஓட்டுப் புரதங்களை ஈர்க்கிறது. ஓடு மூடியதும் கூடு திரளினின்று பிரிந்து செல்கிறது. மேற்பார்வையாளர் எவருமில்லை, துண்டுகளின் வடிவமே கட்டுமான விதி.

இட மாற்றத்தின் விளைவு

ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளான பிரைஸும் பேட்ஜரும் 1989-ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியை ஓட்டுக்கு வெளியே, உயிரணுவின் பொது வெளியில் உண்டாகும்படி செய்தனர். பைகார்பனேட் அங்கேயே வாயுவாக மாறித் தப்பிச் சென்றது. சாதாரணக் காற்றில் அப்பாசியால் வளர இயலவில்லை. கூட்டுக்குள் இன்றியமையாத நொதி, கூட்டுக்கு வெளியே கேடாயிற்று. உதவி எவ்வளவு என்பதோடு எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாகக் கூற இயலாது.

இக்கூட்டைப் பயிரில் நிறுவும் முயற்சியும் இதையே காட்டுகிறது. 2014-ஆம் ஆண்டில் பாசியின் ரூபிஸ்கோவைப் புகையிலையில் பொருத்தினர். 2018-ஆம் ஆண்டில் எளிய வடிவிலான கூட்டையே அதன் பசுங்கணிகத்தில் அமைத்தனர். இருமுறையும் செடி வளர்வதற்கு மிகுதியான கரியமில வாயு தேவைப்பட்டது. ஏனெனில் பைகார்பனேட்டை இறைக்கும் அமைப்பு உடன் இல்லை. 2020-ஆம் ஆண்டில் இருபது மரபணுக்களை ஒருசேர எஷரிக்கியா கோலை பாக்டீரியாவில் புகுத்தியபோது, அது சாதாரணக் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொண்டு வளர்ந்தது. முழுத் தொகுப்பு சேர்ந்தபோதுதான் பயன் விளைந்தது. விதை, உரம், கடன், ஆலோசனை ஆகியவற்றை ஒருங்கே வழங்க 1960-61-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தின் அடிப்படையும் இதுவே.

நம் கடமை

1956-ஆம் ஆண்டில் கண்ணுக்குத் தெரிந்த உருவத்தின் உள்ளடக்கத்தை அறியப் பதினேழு ஆண்டுகளும், ஓட்டின் துண்டுகளை அறிய மேலும் முப்பத்திரண்டு ஆண்டுகளும் ஆயின. நெல்லில் இது பயன்தரும் நாள் இன்னும் வரவில்லை. ஆண்டுதோறும் பலனைக் கேட்கும் வரவு செலவுத் திட்டத்திற்குள் இத்தகைய ஆராய்ச்சி அடங்காது. அடிப்படை ஆராய்ச்சிக்கான ஒதுக்கீடு உங்கள் மேசைக்கு வரும்போது, உடனடிப் பயன் இல்லை என்ற ஒரே காரணத்தால் அதனை வெட்டிவிடாதீர்கள். வெப்பம் மிகும் நாட்டில் நெல்லை நம்பி வாழும் மக்களுக்கு இந்தக் காத்திருப்பும் ஒரு முதலீடே.