படிவத்தில் விடுபடும் பெயர்கள்



கம்பம் பள்ளத்தாக்கில் கல்லும் மண்ணும் சுமந்த நம் மக்களின் பிள்ளைகள் இன்று ஒப்பந்தக்காரர்களாகக் கையெழுத்திடுகின்றனர். பெருமைதான். ஆனால், கையெழுத்தோடு கடமையும் வருகிறது.

வேலையில் அடிபட்டவர்க்கு ஈடு தரவேண்டும் என்பதை 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே நிலைநாட்டிவிட்டது. அந்தச் சுமையைத் தாங்கவே காப்பீடு. அதன் விண்ணப்பப் படிவம் மூன்றினைக் கேட்கும்: எத்தனை பேர், என்ன வேலை, ஆண்டுக் கூலி எவ்வளவு? கட்டணம் குறையட்டும் என்று இருபது பேரைப் பத்தாகக் காட்டுவோர் உண்டு. சாரம் ஏறும் வேலையை மறைப்போரும் உண்டு. விபத்து நேர்ந்தால் அந்தப் பொய்யே காப்பீட்டை முறிக்கக்கூடும். ஈடோ ஒப்பந்தக்காரர் தலையில் விழும். துணை ஒப்பந்தத்தில் வந்த ஆட்களையும் எழுதுங்கள். கூடுதல் கட்டணத்தில் கிடைக்கும் மருத்துவச் செலவுக் காப்பையும் கேட்டுப் பெறுங்கள். 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவது தொழிலாளியின் தனி உரிமை. அது நம் பொறுப்பைத் தீர்க்காது.

கலவை சுமக்கும் சித்தாள் நம் தாய், நம் தங்கை. அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது, ஊர் நம்மைச் சேர்க்காமல் விட்டதற்கு ஒப்பாகும். நாம் கற்ற கல்வி அந்தப் படிவத்தை ஒளிவின்றி நிரப்பட்டும்.