விரலுக்குத் தகுந்த வீக்கம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் இன்றைய மாணவர்களுக்காக ஆற்றிய உரை)

 

"டெக்னிக்கலாப் பேசுங்க, ஆனா தூக்கம் வராமப் பேசுங்க" என்று சங்கச் செயலாளர் அண்ணன் கட்டளையிட்டு விட்டார். மழை பெய்தால்தான் கண்மாயில் தண்ணீர் என்கிற நம்ம விருதுநகர் சீமையில் படகைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வீர்கள். ஆனால் ரிமோட்டில் ஓடும் மாதிரிப் படகு செய்கிற தம்பிகள் நம் கல்லூரியிலும் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எந்த பிரஷ்லெஸ் மோட்டார் வாங்கலாம்?" என்பதுதான். என் பதில் ஒன்றே ஒன்று: மோட்டாரைக் கடைசியில் வாங்குங்கள்.

முதலில் பிரஷ்லெஸ் என்றால் என்ன? வீட்டு மிக்சி ஓடும்போது அடியில் உள்ள துவாரம் வழியாகப் பாருங்கள், நீலமாகப் பொறி பறக்கும். அது கார்பன் பிரஷ் உரசுவது. பிரஷ்லெஸ் மோட்டாரில் கம்பிச்சுருள் அசையாமல் நிற்கும், காந்தம் சுற்றும். எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் தருவது என்பதை மின்னணுச் சுற்று பார்த்துக்கொள்ளும். இப்போது வீடுகளில் மாட்டுகிற பி.எல்.டி.சி. மின்விசிறியும் இதே இனம்தான். தேய்மானம் குறைவு, அதே எடைக்குப் பலம் அதிகம். ஆகவே பந்தயப் படகுக்கு இதுதான் ராஜா. ஆனால் எல்லாப் படகும் பந்தயப் படகு அல்லவே!

ஓர் உதாரணம் சொல்கிறேன். வைக்கம் என்றால் நமக்கு 1924-ஆம் ஆண்டுப் போராட்டம் நினைவுக்கு வரும். அதே வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 2017 ஜனவரியில் 'ஆதித்யா' என்ற சூரிய மின்சக்திப் படகு ஓடத் தொடங்கியது. 75 பயணிகள், 20 மீட்டர் நீளம், 20 கிலோவாட் மோட்டார் இரண்டு, அதிகபட்ச வேகம் ஏழரை நாட், அதாவது மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர். இதை 25-இல் ஒரு பங்காக, 80 சென்டிமீட்டர் மாதிரியாகச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ன மோட்டார் வேண்டும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதற்கு விதி கண்டு சொன்னார். அளவு 25-இல் ஒரு பங்கானால், வேகம் அதன் வர்க்கமூலம், அதாவது 5-இல் ஒரு பங்காக வேண்டும். அப்போதுதான் மாதிரி எழுப்பும் அலை அசல் படகின் அலை போலவே இருக்கும். மணிக்கு 2.8 கிலோமீட்டர், நாம் மெதுவாக நடக்கிற வேகம். எடை 15,625-இல் ஒரு பங்கு. இரண்டையும் பெருக்கினால் மின்தேவை 78,125-இல் ஒரு பங்கு. 40,000 வாட்டை அதால் வகுத்துப் பாருங்கள், அரை வாட்தான் வரும்! சின்னப் படகில் உராய்வு நட்டம் அதிகம் என்பதால் சில வாட் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்குப் போய் 500 வாட் மோட்டார் வாங்கினால் மெதுவான வேகத்தில் அது இழுத்து இழுத்துத்தான் ஓடும். பிரஷ் உள்ள சின்ன மோட்டாரே போதும். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

வேகப் படகுதான் வேண்டும் என்றால் வரிசை இதுதான். முதலில் படகின் எடையும் வேகமும். அடுத்து அதற்கேற்ற புரொப்பெல்லர். அது நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது மூன்றாவது. அதன் பிறகே மோட்டார். மோட்டார் மேல் 'கே.வி.' என்று ஓர் எண் இருக்கும். அது பலம் அல்ல, சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது. 2000 கே.வி. மோட்டாரை 11.1 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் 22,200 சுற்று. தண்ணீருக்குள் அது கணிசமாகக் குறையும்.

இங்கேதான் கவனம் வேண்டும். அதே புரொப்பெல்லரை இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றினால் மின்தேவை எட்டு மடங்கு. சுற்று வேகத்தை மாற்றாமல் 30 மில்லிமீட்டரைக் கழற்றி அதே அமைப்பில் 36 மாட்டினால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. "கொஞ்சம் பெருசுதானே அண்ணே" என்பீர்கள், மோட்டார் புகைந்துவிடும்.

எனவே வாட்மீட்டரை மாட்டி, படகைத் தொட்டியில் கட்டிப்போட்டுச் சில விநாடி ஓட்டி ஆம்பியரை அளங்கள். 20 ஆம்பியர் வந்தால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 30 ஆம்பியராவது இருக்கட்டும். கண்மாய்ப் பாசி சிக்கினால் அளவு சட்டென்று ஏறும். விமானத்துக்கான கருவியைப் பெரும்பாலும் பின்னோக்கி ஓட்ட முடியாது, குளிர்விக்கத் தண்ணீர்க் குழாயும் இருக்காது. படகுக்கென்று உள்ளதையே வாங்குங்கள். 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் 80 சதவீதம்தான் பயன்படுத்த வேண்டும். 20 ஆம்பியரில் அது ஐந்து நிமிடம் ஓடும். கணக்கு இவ்வளவுதான்.

கடைசியாக, நம்ம ஊருக்கென்றே ஒரு வார்த்தை. பிரஷ் இல்லாததால் தீ பயமே இல்லை என்று நினைக்காதீர்கள். பேட்டரியைச் சொருகும்போதே பொறி வரும். லிப்போ பேட்டரி பழுதானால் தானே எரியும். உங்களில் சிலர் வீட்டில் அம்மா பட்டாசுக் குழாய் உருட்டுபவராக இருக்கலாம். வீடு நிறையக் காகிதம் கிடக்கும். பட்டாசு ஆலையில் மருந்து கையாளும் அறைக்குள் நாலு பேருக்கு மேல் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும், இரும்புச் சாமான் ஆகாது என்ற விதிகள் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த விதிகளை மீறியபோதெல்லாம் நம் ஊர் கொடுத்த விலையும் தெரியும். அதே ஒழுங்கு பேட்டரிக்கும் வேண்டும். வெறும் சிமென்ட் தரையில், காகிதம் இல்லாத இடத்தில், செல்களைச் சமன்செய்யும் சார்ஜரில், 2200-க்கு 2.2 ஆம்பியருக்கு மேல் போகாமல் சார்ஜ் செய்யுங்கள். தூங்கும்போது வேண்டவே வேண்டாம். உப்பின பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியில் வைக்காதீர்கள். ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் எடுத்து வையுங்கள்.

பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நீங்கள் கொடுக்கிற பணம் வெயிலில் உழைத்த பெற்றோர் பணம். அரைமணி நேரம் பேனா பிடித்துக் கணக்குப் போட்டால் அது புகையாகப் போகாது. அடுத்த சந்திப்புக்குள் கண்மாய் நிரம்பட்டும், உங்கள் படகுகள் ஓடட்டும். கரையில் நின்று கைதட்ட நாங்கள் வருகிறோம்.