ஐந்து உலோகங்களும் சமமாகச் சேர்ந்தால்

பத்தாம் வகுப்பில் உலோகக் கலவை நடத்தும்போது நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் போகிறோம். பித்தளையில் செம்பு அதிகம், துத்தநாகம் குறைவு. எவர்சில்வரில் இரும்பு அதிகம். குரோமியம் சுமார் 18 விழுக்காடு, நிக்கல் சுமார் 8. மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ‘ஏன் இந்த அளவு?’ என்ற கேள்வி மட்டும் வகுப்பில் எழுவதில்லை. அதை எழுப்ப உதவும் ஓர் எடுத்துக்காட்டை இன்று சொல்கிறேன்.

2004-இல் பிரிட்டனில் பிரையன் கேன்டர் குழுவினரும், தைவானில் ஜியன்-வெய் யே குழுவினரும் தனித்தனியே ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டனர். முதன்மை உலோகம் என்று ஒன்றை வைத்துக்கொள்ளாமல், பல உலோகங்களை ஏறக்குறைய சம அளவில் கலந்தார்கள். இவையே உயர் என்ட்ரோபி உலோகக் கலவைகள். குரோமியம், மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவற்றை அணுக்களின் எண்ணிக்கைப்படி 20 விழுக்காடு வீதம் கலந்தபோது, ஐந்தும் ஒரே முகப்பு மைய கனச்சதுர அமைப்பில் அமர்ந்தன.

எந்த ஐந்தைக் கலந்தாலும் இப்படி ஆகுமா? 2013-இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. கோபால்ட்டுக்குப் பதில் டைட்டானியம், நிக்கலுக்குப் பதில் செம்பு என ஒரு நேரத்தில் ஓர் உலோகத்தை மட்டும் மாற்றினார்கள். எண்ணிக்கை ஐந்துதான், அளவும் சமம்தான். ஆனால் மாற்றிய கலவைகள் ஒன்றிலும் ஒரே அமைப்பு கிடைக்கவில்லை. எத்தனை உலோகங்கள் என்பதைவிட எந்தெந்த உலோகங்கள் என்பதே முக்கியம் என்று தெரிந்தது.

அடுத்தது அளவு. கோபால்ட், குரோமியம், இரும்பு, நிக்கல் நான்கையும் சமமாக எடுத்து, அலுமினியத்தைப் படிப்படியாகக் கூட்டுவோம். சிறிதளவு இருக்கும்வரை முகப்பு மைய அமைப்புதான். கலவை மென்மையாக இருக்கும், இழுத்தால் நன்றாக நீளும். மற்ற உலோகம் ஒன்றின் அளவில் பாதியை நெருங்கும்போது பொருள் மைய கனச்சதுர அமைப்பு தோன்றுகிறது. சம அளவை எட்டும்போது அதுவே மேலோங்குகிறது. கடினத்தன்மை வெகுவாக உயர்கிறது. ஆனால் இழுத்தால் நீளாமல் முறிகிறது. அலுமினிய அணுவின் ஆரம் 143 பிகோமீட்டர். மற்றவை 125-ஐ ஒட்டியவை. பெரிய அணு நுழைந்ததும் அடுக்கு நெளிகிறது. அணுத் தளங்கள் எளிதில் வழுக்க முடிவதில்லை. அமைப்பே மாறும்போது கடினம் இன்னும் கூடுகிறது.

இதை வகுப்பில் காட்டக் கோலிக்குண்டுகள் போதும். ஒரே அளவு குண்டுகளைத் தட்டில் பரப்பிச் சற்றே சாய்த்தால் வரிசையாக அமரும். சில பெரிய குண்டுகளைச் சேர்த்தால் வரிசை கலையும். அணுக்களுக்கு இடையிலான ஈர்ப்பை இந்த மாதிரி காட்டாது என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

அலகுத் தேர்வில் ‘பித்தளையின் இயைபு யாது?’ என்ற வினாவோடு, ‘அலுமினியத்தைக் கூட்டினால் கடினம் ஏன் உயர்கிறது, எதை இழக்கிறோம்?’ என்றும் ஒரு வினா கேட்டுப் பாருங்கள். மனப்பாடம் செய்தவர் யார், யோசித்தவர் யார் என்று விடைத்தாளே சொல்லும்.