சொல்லக் கூசும் அரிப்பு



ஆண்களுக்குப் பரவலாக வருகிற, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு தொல்லையைப் பற்றி இன்று பேசுகிறேன். ஆணுறுப்பின் மொட்டும் அதை மூடியிருக்கும் முன்தோலும் சிவந்து போகும், அரிக்கும், எரியும். சிலருக்கு முன்தோலின் விளிம்பு கீறல் கீறலாக வெடிக்கும். வெள்ளையாக மாவு படிந்ததுபோல் இருக்கும். மருத்துவர்கள் இதை மொட்டு அழற்சி, பாலனைட்டிஸ் என்பார்கள். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தால் வானொலியை நிறுத்த வேண்டாம். இது உடம்பில் வருகிற நோய். அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

பெரம்பலூர் மாவட்டத்து எறையூரையே எடுத்துக்கொள்வோம். சர்க்கரை ஆலை உள்ள ஊர். சுற்றுவட்டாரம் முழுக்கக் கரும்பு, பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். 2022இல் சிப்காட் தொழிற்பூங்காவும் வந்துவிட்டது. கரும்பு வெட்டுகிறவருக்குச் சோகையின் சுணை உடம்பெல்லாம் ஒட்டும். லாரி ஓட்டுநர் நாள் முழுக்க ரெக்சின் இருக்கையில் வியர்த்தபடி உட்கார்ந்திருப்பார். கொதிகலன் பக்கம் வேலை பார்ப்பவரின் உள்ளாடை ஷிப்ட் முடியும்வரை ஈரமாகவே இருக்கும். வெப்பமும் ஈரமும் உராய்வும் சேர்ந்தால் தொடை இடுக்கில் படையும், முன்தோலுக்கு உள்ளே பூஞ்சையும் வளர வேறென்ன வேண்டும்?

இதற்கு நம் ஊரில் வழக்கமாக நடக்கும் வைத்தியம் எல்லாருக்கும் தெரியும். அரிப்பு வந்தவர் பொழுது சாய்ந்த பிறகு மெடிக்கலுக்குப் போவார். கடையில் நிற்கும் பெண்கள் போகட்டும் என்று ஓரமாகக் காத்திருப்பார். அப்புறம் தணிந்த குரலில், "அண்ணே, இடுக்குல அரிப்பு தாங்கல. நல்ல ஆயின்மென்டா ஒண்ணு குடுங்க" என்பார். கடைக்காரரும் ஒரு டியூபை எடுத்துக் கொடுப்பார். தடவிய இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். பதினைந்து நாளில் மறுபடி கிளம்பும். மறுபடி அதே டியூப். இப்படியே வருஷக்கணக்கில் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த டியூபில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் கலந்திருக்கும்: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, மூன்றாவது ஸ்டீராய்டு. அரிப்பைச் சட்டென்று அடக்குவது அந்த ஸ்டீராய்டுதான். பூஞ்சையை எதிர்க்கும் தோலின் பலத்தைக் குறைப்பதும் அதுதான். மேலே சிவப்பு மறையும், உள்ளே பூஞ்சை பரவும். நாள்பட்டால் தோல் மெலிந்து, தொட்டாலே எரியும். அந்தரங்கப் பகுதியின் தோல் மற்ற இடத்துத் தோலைப் போன்றது அல்ல. 1967இல் அமெரிக்காவில் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரு ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். முன்கையில் தடவிய ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு உடம்புக்குள் போகும் அளவைப் போல 42 மடங்கு விதைப்பையின் தோல் வழியாகப் போயிற்று. 2018இல் மத்திய அரசு, தோலில் பூசும் 14 வகை ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது இந்த ஆபத்தை அறிந்துதான். ஆணை இருக்கிறது, டியூபும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. வாங்குகிற நாம் நிறுத்தினால்தான் அது நிற்கும்.

அந்தரங்கத் தோல் வழியாக எளிதில் உள்ளே போவதில் பூச்சிமருந்துக்கும் இதே கணக்குத்தான். 2017இல் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மருந்தடித்த கையோடு சிறுநீர் கழிக்க ஒதுங்காதீர்கள். முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். மிளகாய் பறிக்கிறவர்களுக்கும், சிமென்ட் வேலை பார்க்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

சரி, புண் ஆறி ஆறி ஏன் திரும்ப வருகிறது? முதலில் சந்தேகிக்க வேண்டியது சர்க்கரை நோயை. இரத்தத்தில் சர்க்கரை கூடினால் சிறுநீரிலும் இறங்கும். சொட்டுச் சிறுநீர் முன்தோலுக்குள் தங்கினால் கேண்டிடா என்ற பூஞ்சைக்கு அது நல்ல தீனி. தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல், முன்தோல் வெடிப்புக்காக மருத்துவரிடம் போய், அங்கே அதைத் தெரிந்துகொள்கிறவர்கள் பலர். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆகவே இந்தப் புண் இரண்டாம் முறை வந்தாலே சர்க்கரை பாருங்கள். வெறும் வயிற்றில் 126ஐ எட்டினாலோ, மூன்று மாதச் சராசரி 6.5ஐத் தொட்டாலோ மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். வந்தால் "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகள் மிகுதிச் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்பவை. ஆனால் சிலருக்கு இந்தப் பூஞ்சைப் புண்ணைக் கொண்டுவரும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் புண்ணைச் சொல்லுங்கள். சிறுநீர் கழித்ததும் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுங்கள். பெரும்பாலோருக்கு இதுவே கைகொடுக்கும்.

அடுத்த காரணம், கழுவாமல் இருப்பதும் அளவுக்கு மீறிக் கழுவுவதும். இரண்டுமே தவறு. அரிக்கிறது என்று வாசனைச் சோப்பு, புண் கழுவும் கிருமிநாசினி, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுது என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேய்த்து அந்த மெல்லிய தோலைக் காயப்படுத்திவிடுகிறார்கள். சரியான முறை இதுதான். தினமும் குளிக்கும்போது முன்தோலை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். வெறும் தண்ணீரால், வேண்டுமானால் வெதுவெதுப்பான நீரால், மடிப்புகளைக் கழுவுங்கள். அங்கே சோப்பு வேண்டாம். பருத்தித் துணியால் ஒற்றித் துடையுங்கள், தேய்க்காதீர்கள். ஈரம் போனதும் முன்தோலை மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். பின்னாலேயே விட்டால் சிக்கி வீங்கிவிடும். உள்ளாடை பருத்தியில், இறுக்கமில்லாமல் இருக்கட்டும். துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். சிறு பையன்களுக்கு மட்டும் முன்தோலை வலிந்து தள்ளக் கூடாது. அது வளர வளரத் தானாகவே விலகும்.

பூஞ்சைதான் என்று மருத்துவர் உறுதி செய்தால், ஸ்டீராய்டு கலக்காத குளோட்ரிமசோல் போன்ற களிம்பே பெரும்பாலும் போதும். ஒன்றிரண்டு வாரம், அரிப்பு நின்ற பிறகும் விடாமல் சொன்ன நாள்வரை பூச வேண்டும். மனைவிக்கும் அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால் அவருக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். இதைக் கண்டு ஒருவரையொருவர் சந்தேகப்படாதீர்கள். இந்தப் பூஞ்சை தவறான உறவால் மட்டும் வருவதல்ல. பால்வினை நோயாகவும் இருக்கலாம் என்று நினைத்தால், மறைக்காமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம்; ரகசியமும் காப்பார்கள்.

ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கருஞ்சிவப்பாகத் தடித்துப் புண்ணாகிறதா? அதற்கு முன் சாப்பிட்ட மாத்திரையை நினைத்துப் பாருங்கள். வலி மாத்திரையும், வயிற்றுப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் வாங்கிப் போடும் சில மாத்திரைகளும் சிலருக்கு இப்படி ஒவ்வாமை தரும். மாத்திரையின் பெயரை எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. முன்தோல் பின்னால் சிக்கி வீங்கிக்கொண்டால், சிறுநீர் போகாமல் நின்றால், காய்ச்சலோடு விதைப்பை வீங்கிக் கறுத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூன்று வாரமாகியும் ஆறாத புண், கெட்டியான கட்டி, இரத்தக் கசிவு, தோல் வெளுத்து இறுகி முன்தோல் திறக்காமல் போவது, இவை புற்றுநோயாகவோ அதற்கு முந்தைய நிலையாகவோ இருக்கலாம். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்திவிடலாம். "சூட்டுக் கொப்புளம், தானா ஆறிடும்" என்று மாதக்கணக்கில் மூடி மறைத்தவர்கள் உறுப்பையே இழந்திருக்கிறார்கள்.

எறையூர்க்காரர்களுக்குப் பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. பக்கத்து மாவட்டமான அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போனாலும் தோல் மருத்துவரைக் கேளுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எத்தனை முறை வந்தது, என்ன களிம்பு போட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். பழைய டியூப் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

நேயர்களே, இந்த வாரமே சர்க்கரை பாருங்கள். வீட்டில் பாதி தீர்ந்து கிடக்கும் அந்தக் கலப்புக் களிம்பை மருத்துவரிடம் காட்டாமல் இனித் தடவாதீர்கள். உங்கள் வீட்டில் அப்பாவோ, அண்ணனோ, வளர்ந்த மகனோ இதைச் சொல்ல முடியாமல் தவித்தால், நீங்களே கேட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.